பத்தொன்பதாவது

காலை ஏழே முக்காலுக்குக்
காற்றாடியை நிறுத்திவிடுவேன்.
தெலுக் பகாங் கண்ணாடிக் கூண்டில் அதன்பின்
எந்த இலையும் அசையக் கூடாது.
அசைந்தால்
அது இலை இல்லை.

முதல் வாரம் கண்ணால் தேடினேன்,
கொய்யாக் கிளையில் காம்பு காம்பாக விலக்கி.
பதினொன்றுக்கு மேல் போகவே இல்லை.
பக்கத்துக் கூண்டு பெய் ஷான் சிரித்தாள்:
"தேடாதே. ஊது."
ஊதினேன்.
கிளையில் பாதி
காற்றடித்ததாக நடித்தது,
என் மூச்சு நின்ற பிறகும்
நாலைந்து விநாடி கூடுதலாக.

நடு நரம்பு உண்டு, கிளை நரம்பு உண்டு,
ஓரத்தில் பூஞ்சை பிடித்தாற்போல் பழுப்பும் உண்டு.
முட்டைகூடப் பார்வைக்கு விதைதான்.
தரை கூட்டிய குப்பையைச்
சல்லடையில் சலித்துத்தான் கொட்ட வேண்டும்.
ஒருமுறை சலிக்காமல் கொட்டிவிட்டேன்.
எத்தனை போயின என்று யாருக்கும் தெரியாது,
எனக்கும்.

இடம் நெருக்கடியானால் ஒன்று நடக்கும்.
பசித்த பூச்சி
பக்கத்துப் பூச்சியின் ஓரத்தைக் கடிக்கும்.
பகை ஏதும் இல்லை,
இலை என்று நினைத்துத்தான்.
நான் பார்த்த அன்று கடிபட்டது திமிறவில்லை.
அரைவட்டமாய் ஓரம் குறையக் குறைய
இன்னும் நல்ல இலையாகிக்கொண்டிருந்தது.

பாயான் லெப்பாஸில் மூன்று வருஷம்
காதில் கருவி மாட்டிய நான், ஷேரன்.
அழைப்பவர் எந்த ஊரோ
அந்த ஊர்க் குரல் என் தொண்டையில் இருந்தது.
என்னைக் கடித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை.
வீட்டில் வைத்த பெயர் மட்டும் என்னவாம்,
வனரோஜா.
அதுவும் ஒரு செடியினுடையது.

நடைவழிச் சுவரில் ஒரு கல்லின் படம்.
கல்லுக்குள் கொசுவைப்போல் கால் நீண்ட ஒரு பூச்சி,
சிறகு மட்டும் அச்சு அசல் கிங்கோ இலை.
பதினாறு கோடி வருஷத்துக்கு மேலாம்.
பூச்சி போய்விட்டது, வாரிசில்லை.
மரத்தின் வம்சம் எப்படியோ தப்பிக்
கிம்பர்லி தெரு இனிப்புக் கஞ்சியில்
வெந்த கொட்டையாய் மிதக்கிறது,
கிண்ணம் நாலு வெள்ளி ஐம்பது காசு.
நடுவில் இருக்கும் கசப்புக் குருத்தைத்
துப்பிவிட்டுத்தான் சாப்பிடுவேன்.

இன்று பதினெட்டு.
பதிவேட்டில் பத்தொன்பது.
மறுபடி ஊதினேன், பதினெட்டு.
தண்ணீர்க் குடுவைக்குப் பின்னால்,
கதவிடுக்கில்,
நேற்றைய சருகுப் பைக்குள் முழங்கை வரை விட்டு.
பெய் ஷான் என் பச்சைச் சீருடையைப் பார்த்தாள்.
"திரும்பு. ஆடாதே."
கழுத்துப்பட்டியை விலக்கி, முதுகைத் தடவி,
பின்னலையும் பிரித்துப் பார்த்தாள்.
ஒன்றுமில்லை.
அவள் போன பிறகும்
கொஞ்ச நேரம் ஆடாமல் நின்றிருந்தேன்.

எட்டரைக்கு மேலாளர் ஃபட்லி
கையெழுத்துப் போட வருவார்.
பத்தொன்பதாவது கட்டத்தில்
தமிழில் எழுதிவைத்தேன்: இலை.
"இது என்ன?"
"டாவுன்" என்றேன்.
தலையாட்டிவிட்டுக் கையெழுத்திட்டார்.

செய்யுளில் இலை என்றால்
இல்லை என்றும் பொருள்.
ஐந்தாம் படிவத் தேர்வில்
ஏதோ ஒரு பாட்டுக்கு மரத்தின் இலை என்றே பொருளெழுதி
இரண்டு மதிப்பெண் விட்டவள் நான்.
இப்போது யாராவது கேட்டால்
இரண்டையும் சொல்வேன்,
எது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

வெளியே முதல் பேருந்தில்
பள்ளிப் பிள்ளைகள் வந்து இறங்கிவிட்டார்கள்.
கண்ணாடியில் மூக்கை அழுத்தி ஒருவன்
உள்ளே ஒன்றுமே இல்லை என்று கத்துகிறான்.

காற்றாடியைப் போட்டேன்.
எல்லாம் ஆடின.